டிரெய்லர் வாலாட்டுகிறதா? உராய்வு ஸ்வே பாரை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

டிரெய்லர் கொஞ்சம் ஆடினால் போதும், உடனே இறங்கிப் போய் ஸ்வே பாரின் (வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே மாட்டி, உராய்வால் ஆட்டத்தை அடக்கும் பட்டை) கைப்பிடியை இன்னும் ஒரு சுற்று முறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்தக் கைப்பிடி அதற்காக வைத்தது இல்லை. அது ஒரு சுவிட்ச் மாதிரி, முழுதாக இறுக்கினால் பார் வேலை செய்யும், தளர்த்திவிட்டால் செய்யாது, நடுவில் நிறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கைப்பிடிக்கு அருகே இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்புகிற போல்ட். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதால் வரும் தொல்லை ஒரு பங்கு. பாருக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறை (பெரும்பாலும் எடை ஏற்றிய விதம்) பாரை இறுக்கி மறைக்கப் பார்ப்பதால் வருவது இன்னொரு பங்கு, அதுதான் ஆபத்தானது.

பார் செய்வது ரொம்ப எளிமையான வேலை. ஒரு தட்டையான இரும்புப் பட்டை ஓர் உறைக்குள் போய் வருகிறது, உறைக்குள் பிரேக் லைனிங் போன்ற பொருள் அந்தப் பட்டையை இரண்டு பக்கமும் அழுத்துகிறது. ஒரு முனை இழுக்கும் வண்டியின் ஹிட்சில் (டிரெய்லரை மாட்டும் பின்பக்க இணைப்பு) பக்கவாட்டில் உள்ள சின்ன உருண்டைக் குண்டில் மாட்டியிருக்கும், மறுமுனை டிரெய்லரின் முன்சட்டத்தில் உள்ள சின்னக் குண்டில். வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் மாறும்போதெல்லாம் பட்டை நீளவோ சுருங்கவோ வேண்டும், அதை லைனிங் தடுக்கிறது, அவ்வளவுதான். காற்றால் வந்த ஆட்டமா, நீங்களாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பியதா என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் ஒரே மாதிரி எதிர்க்கும். டிரெய்லரை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் எதுவும் அதில் இல்லை. கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

இப்போதே ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் வந்துவிட்டால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஏனென்றால் உங்கள் கை எப்போதும் ஆட்டத்துக்கு அரை அடி பின்னால்தான் வரும், அது ஆட்டத்தை வளர்க்கும். இழுக்கும் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், பிரேக் கண்ட்ரோலரில் கையால் இயக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள், டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். வேகத்தைக் கூட்டி இழுத்தால் நேராகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். ஆட்டம் தானாக அடங்கும் தன்மை வேகம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அடங்கவே அடங்காது. அந்த வேகத்திலிருந்து கீழே இறங்குவதுதான் ஒரே வழி.

அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே தொடும் அளவுக்குக் கைக்குப் பழக்கிவையுங்கள்.

அறிகுறி தேடும் முன் அடிப்படை அமைப்பு

கிளம்பும் முன் இதைச் சரிபார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்து பயனில்லை. டிரெய்லரையும் வண்டியையும் சமதளத்தில், ஒரே நேர்கோட்டில் நிறுத்துங்கள். ஹிட்ச் பாலின் (டிரெய்லர் உட்காரும் பெரிய உருண்டை) நடுவிலிருந்து முன்சட்டத்தில் உள்ள சின்னக் குண்டின் நடு வரை அளந்தால், வழக்கமான பார்களுக்கு 24 அங்குலம் வர வேண்டும். உங்கள் பாரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இந்த அளவு தப்பினால் பட்டை ஒரு பக்கத் திருப்பத்தில் முட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் மறுபக்கத் திருப்பத்தில் உறையை விட்டு வெளியே வரப் பார்க்கும்.

எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் இருந்தால் அதை முதலில் சரியாக அமைத்துவிட்டு அப்புறம் ஸ்வே பாருக்கு வாருங்கள். உராய்வு பார் எந்த எடையையும் சுமக்காது, பின்புறம் தொங்கும் வண்டியைத் தூக்காது, முன்சக்கரங்களில் குறைந்த எடையைத் திருப்பிக் கொடுக்காது. வண்டி பின்னால் அமுங்கி முன்னால் தூக்கிக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், அந்த நிலையில் பாரை எப்படி வைத்தாலும் ஓட்டுவதற்கு நன்றாக இருக்காது.

இனி போல்ட். கைப்பிடியை முழுதாகத் தளர்த்தி, பாரை இரண்டு குண்டிலும் மாட்டி, கிளிப்புகளைப் போட்டு, கைப்பிடியைக் கடைசி வரை இறுக்குங்கள். கையால் மட்டும். கைப்பிடியில் குழாயை மாட்டி நெம்புவது கைப்பிடியையும் மரையையும் கெடுப்பதற்கு மட்டுமே உதவும். அடுத்து போல்ட்டைத் தயாரிப்பாளர் சொல்லும் ஆரம்ப நிலையில் வையுங்கள், அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு முறையும் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. வழக்கமாக வலப்பக்கம் திருப்பினால் பிடி கூடும். ஓட்டிப் பார்ப்பது என்றால் வேகமாகப் போய் ஸ்டீயரிங்கை வெட்டிப் பார்ப்பது இல்லை, நேராக ஓட்டி, மென்மையாக ஒரு தடம் மாறி, டிரெய்லர் எப்படிப் பின்தொடர்கிறது என்று கவனிப்பது. சரியான இடம் வந்ததும் போல்ட் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பின்னால் தளர்ந்ததா என்று பார்க்க வசதி.

புதுப் பார் என்றால் லைனிங் பட்டையோடு ஒட்டிப் பழகும் வரை பிடி மாறிக்கொண்டே இருக்கும். முதல் நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் எங்காவது நிறுத்தி ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

அறிகுறி: வேகம் ஏற ஏற, காற்றே இல்லாமல், தானாக ஆடுகிறது

இதுதான் முக்கியமானது, இங்கே பாரைத் தொடவே வேண்டாம். நேரான சாலையில், பக்கத்தில் ஒரு வண்டியும் கடக்காதபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் தொடங்குகிறது, குறைத்தால் நிற்கிறது என்றால், இழுபடும் பொருளிலேயே கோளாறு இருக்கிறது. பாரை இறுக்கினால் ஆட்டம் தொடங்கும் வேகம் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் வேகம் எடுக்கும்போது அது திரும்ப வரும், அப்போது நீங்கள் முன்பைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

முதல் சந்தேகம் டங் எடை, அதாவது கப்ளர் (டிரெய்லரின் மூக்கில் ஹிட்ச் பாலைக் கவ்வும் பகுதி) ஹிட்ச் பாலின் மேல் அழுத்தும் எடை. டிராவல் டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 500 முதல் 750 பவுண்டு. விற்பனைத் தாளில் போட்டிருக்கும் டங் எடை காலி டிரெய்லருக்கானது, பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறிய பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பயணத்துக்குத் தயாரான நிலையில் அளக்க வேண்டும்.

வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியை வைத்தே அளக்கலாம். உறுதியான மரக்கட்டை ஒன்று, அதன் ஒரு முனை செங்கல் மேல் வைத்த குழாயில், மறுமுனை எடைக்கருவி மேல் வைத்த குழாயில். கப்ளர் அழுத்தும் இடம் செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடி, எடைக்கருவிப் பக்கக் குழாயிலிருந்து 2 அடி இருந்தால், கருவி காட்டும் எண்ணை 3 ஆல் பெருக்கினால் டங் எடை. கட்டையும் குழாயும் மட்டும் இருக்கும்போது கருவி என்ன காட்டுகிறதோ அதை முதலில் கழித்துவிடுங்கள். டிரெய்லர் இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் கப்ளர் இருக்க வேண்டும், சக்கரங்களுக்கு அண்டை கொடுத்திருக்க வேண்டும், ஜாக்கால் மெதுவாக இறக்க வேண்டும். எடை மேடை கிடைத்தால் இன்னும் நல்லது. டிரெய்லரை மாட்டி (எடையைப் பகிரும் கம்பிகளைத் தளர்த்தி வைத்து) வண்டியின் அச்சுகளை மட்டும் எடை போடுங்கள், பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே ஆட்கள், அதே சாமானோடு வண்டியை எடை போடுங்கள், வித்தியாசம்தான் டங் எடை.

குறைவாக வந்தால் எதை நகர்த்துவது? அச்சுக்குப் பின்னால் இருக்கும் எல்லாமே டங் எடையைத் தின்னும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும், கப்ளரிலிருந்து அச்சு 16 அடி, பின் பம்பரில் அச்சிலிருந்து 10 அடி தள்ளி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, அதில் சைக்கிளோடு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டங் எடை 62 பவுண்டுக்குச் சற்று மேல் குறையும். 4,500 பவுண்டு டிரெய்லரில் 500 இருந்தது (11 விழுக்காடு) இப்போது 4,600 பவுண்டில் 437, அதாவது ஒன்பதரை. இரண்டு சைக்கிள் மாட்டியதில் நல்ல டிரெய்லர் வரம்புக்குக் கீழே போய்விட்டது. பின்னால் மாட்டும் ஸ்டாண்டுகள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, டிரெய்லர் நிறுவனமே அந்த பம்பரில் சைக்கிள் மாட்டக் கூடாது என்று எழுதியிருக்கும் இடங்களும் உண்டு.

தண்ணீரையும் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஓர் அமெரிக்க கேலன் சுமார் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது டிரெய்லருக்கு டிரெய்லர் மாறும். பின்னால் இருந்தால் காலியாக வைத்துப் போங்கள், முன்னால் இருந்தால் நிரப்பியது உதவக்கூடும். கழிவுநீர்த் தொட்டியும் தொட்டிதான், திரும்பி வரும்போது மட்டும் ஆடுகிறது என்று குழம்புபவர்கள் அங்கே பார்க்க வேண்டும்.

பின்னால் இருக்கும் கனத்தைச் சமன்செய்ய முன்னாலும் கனத்தைப் போட்டு விழுக்காட்டைச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். எண் சரியாக வரும், ஆட்டம் சரியாகாது. இரண்டு ஓரத்திலும் கனம் இருக்கும் டிரெய்லர் ஒரு முறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், கனமான சாமான் அச்சுக்கு அருகில், கொஞ்சம் முன்பக்கமாக, தரையோடு தரையாக இருப்பதே நல்லது.

எடை சரி என்றால் டயர். குளிர்ந்த நிலையில் காற்று பாருங்கள், டிரெய்லர் டயரில் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கும் டிரெய்லரின் ஒட்டுத்தாளில் இருப்பதற்கும். இழுக்கும் வண்டியின் பின்டயர்களை மறக்க வேண்டாம், அதில் காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் நெளிந்து வண்டியின் பின்புறமே ஆடும், டிரெய்லர் ஆடுவது போலத்தான் தெரியும். டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி வகை டயர்கள் பலவற்றுக்கு வேக வரம்பு மணிக்கு 65 மைல், சுமார் 105 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டிக்கொண்டு ஆட்டத்துக்குக் காரணம் தேடுவதில் பொருள் இல்லை.

பிறகு உயரம். டிரெய்லர் சமமாக அல்லது மூக்குப் பக்கம் சற்றே தாழ்ந்து இருக்க வேண்டும், மூக்கைத் தூக்கிக்கொண்டு போனால் ஆடும். ஹிட்ச் பால் உயரத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஆடினால்தான் போல்ட் பக்கம் வர வேண்டும்.

அறிகுறி: பெரிய லாரி கடக்கும்போது ஒரு தள்ளு, பிறகு நின்றுவிடுகிறது

இது இயல்பு. லாரியின் முன்னால் தள்ளப்படும் காற்று டிரெய்லரை முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஒரு முறை போய் ஒரு முறை வந்து அடங்கினால் பார் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று முறை ஆடி அடங்கினால் போல்ட்டைக் கால் சுற்று கூட்டிப் பார்க்கலாம். ஆடி ஆடி ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதானால் மேலே உள்ள பகுதிக்குப் போங்கள், போல்ட் வேண்டாம்.

அறிகுறி: கைப்பிடியை இறுக்கியும் பட்டை வழுக்கிக்கொண்டு போகிறது

பாரைக் கழற்றி, கைப்பிடியை முழுதாக இறுக்கி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கை பலத்துக்கு அசைந்தால் பிடி போதாது. போல்ட்டைக் கூட்டும் முன் பட்டையைக் கண்ணால் பாருங்கள். எண்ணெய், கிரீஸ், பெயிண்ட், மெழுகு, துரு எது இருந்தாலும் லைனிங் பிடிக்காது. சத்தம் வருகிறது என்று யாராவது அதில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்திருந்தால் (இது நடக்கிற விஷயம்தான்) பட்டையைத் துடைத்தால் மட்டும் போதாது, லைனிங் எண்ணெயைக் குடித்திருக்கும், அது பழையபடி பிடிக்காது, லைனிங்கையோ பாரையோ மாற்றுவதுதான் சரி. வெறும் துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் லேசாக ஓட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அழகாக இருக்கட்டும் என்று பட்டைக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், உறைக்கு அடித்துக்கொள்ளலாம்.

பட்டை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தாலும் பிடி குறையும். நீண்ட வளைவுப் பாதையில் தேய்ந்து சூடாகிச் சூடாகி இப்படி ஆகும். உப்புத்தாளால் பளபளப்பை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லைனிங் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் நிலை வந்துவிட்டால், பட்டையில் கோடு கோடாகக் கீறல் தெரியும், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இருக்காது. மாற்றுங்கள்.

சுத்தமாக இருக்கிறது, லைனிங்கும் இருக்கிறது என்றால் அப்போது போல்ட், கால் சுற்று.

மழையில் மட்டும் பிடி குறைகிறது என்றால் அது இந்தக் கருவியின் குணம். திறந்த வெளியில் இருக்கும் உராய்வுப் பொருள் நனைந்தால் அப்படித்தான். அதற்காகப் போல்ட்டைக் கூட்டினால், காய்ந்த பிறகு அளவுக்கு மீறி இறுகியிருக்கும்.

அறிகுறி: திரும்பிய பிறகு ஸ்டீயரிங் நேராக வர மறுக்கிறது

வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பாமல் நீங்கள் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, நேரான சாலையிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகிறது, சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இது அதிகம் இறுகிய பார். மேலே சொன்னது போல அது திருப்பத்தையும் எதிர்க்கும், திருப்பத்திலிருந்து மீள்வதையும் எதிர்க்கும், கடைசியாக எந்தக் கோணத்தில் நின்றதோ அதிலேயே டிரெய்லரைப் பிடித்து வைத்திருக்கும். போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி ஓட்டிப் பாருங்கள், தேவையானால் இன்னொரு கால் சுற்று. தளர்த்தியதும் ஆட்டம் வருகிறது என்றால், இதுவரை பார் எதையோ மறைத்துக்கொண்டிருந்தது, எடையை அளக்கப் போங்கள்.

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ‘கொஞ்சம் கனமாக இருக்கிறது, ஆனால் நிலையாகப் போகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஈரச் சாலையில் இது வேறு மாதிரி வெளிப்படும்.

அறிகுறி: ஈரத்திலோ சரளையிலோ பனியிலோ திருப்பினால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது

நீங்கள் திருப்புகிறீர்கள், முன்சக்கரங்களுக்குத் தரையில் பிடி குறைவு, பார் வண்டியையும் டிரெய்லரையும் ஒரே கட்டையாக வைத்திருக்கப் பார்க்கிறது. விளைவு, வண்டி திரும்பாமல் நேராகப் போகும். அதனால்தான் வழுக்கும் சாலையில் கைப்பிடியைத் தளர்த்திப் பாரின் பிடியை முழுவதும் எடுத்துவிடச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதுகிறார்கள். போல்ட்டைத் தொட வேண்டாம், கைப்பிடி மட்டும். சுவிட்ச் என்று சொன்னது இதற்காகத்தான், ஒரு நிமிடத்தில் எடுத்து, சாலை காய்ந்ததும் ஒரு நிமிடத்தில் திரும்பப் போடலாம், போல்ட்டின் அளவு மாறாது. பார் இல்லாமல் போகிறீர்கள் என்பதால் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அறிகுறி: சத்தம்

மெதுவாகத் திரும்பும்போது முனகல், உறுமல், கிறீச் என்று வருவது எல்லாம் உராய்வின் சத்தம். ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்ரோல் போடும் இடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்கு மருந்து இல்லை. குறுகிய இடத்துக்குள் நுழையும் முன் கைப்பிடியைத் தளர்த்திக்கொண்டால் சத்தமும் போகும், பாரும் பிழைக்கும்.

டக், டங் என்று ஒற்றைச் சத்தம் வந்தால் அது வேறு. ஏதோ ஓர் இணைப்பில் இடைவெளி இருக்கிறது. சின்னக் குண்டுகள் இரண்டும் தளர்ந்திருக்கிறதா, கிளிப்புகள் இருக்கிறதா, முன்சட்டத்தில் குண்டைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகுகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கப்ளர், அடியில் உள்ள சரிசெய்யும் நட்டு தளர்ந்து ஹிட்ச் பாலோடு இடைவெளி விழுந்திருந்தால் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் முட்டும். வண்டியின் ரிசீவர் குழாய்க்குள் ஹிட்ச் தண்டு ஆடுவதும் இதே சத்தம்தான், அதனால் ஆட்டமும் கொஞ்சம் கூடும்.

கிரீஸ் எங்கே போடலாம் என்ற கேள்வி எப்போதும் வரும். ஹிட்ச் பாலுக்குப் போடலாம். சின்னக் குண்டுகளுக்குக் கையேடு அனுமதித்தால் ஒரு துளி. பட்டைக்கு ஒருபோதும் இல்லை, குண்டில் போட்டது வழிந்து பட்டைக்குப் போகும் அளவுக்கும் கூடாது.

அறிகுறி: பட்டை வளைந்திருக்கிறது, அல்லது குண்டின் தகடு கிழிந்து பிடுங்கிக்கொண்டது

ரிவர்ஸ். வேறு காரணம் தேடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாரை மாட்டியபடி ரிவர்ஸ் எடுத்தீர்களா? முன்னோக்கிப் போகும்போது சாதாரணத் திருப்பங்களில் கோணம் ஓர் அளவைத் தாண்டாது. ரிவர்ஸில் டிரெய்லர் சட்டென்று மடங்கும், பட்டை உறைக்குள் போய் முட்டி, அதற்கு மேல் போக இடம் இல்லாமல் வளையும், அல்லது மறுபக்கம் நீண்டு குண்டையே பிடுங்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் பாரைக் கழற்றிவிட வேண்டும், கைப்பிடியைத் தளர்த்தினால் மட்டும் போதும் என்று இல்லை, ஏனென்றால் உராய்வு போனாலும் பட்டையின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கிளிப் எடுக்க ஆகும் நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பாரையும் வாங்க வேண்டி வரும்.

ரிவர்ஸ் இல்லாமலே வளைந்தால் 24 அங்குலத்தை அளந்து பாருங்கள். அளவு சரிதானா என்று சோதிக்க, காலியான இடத்தில், கைப்பிடியைத் தளர்த்திக்கொண்டு, மிக மெதுவாக இரண்டு பக்கமும் முன்னோக்கித் திருப்ப வேண்டும், ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். பார் வலப்பக்கம் இருந்தால் வலது திருப்பத்தில் சுருங்கும், இடது திருப்பத்தில் நீளும். எந்தப் பக்கமும் கடைசி வரை போகக் கூடாது, கேஸ் சிலிண்டர் மூடியையோ ஜாக்கையோ பம்பரையோ பார் தொடக் கூடாது, அதன் கைப்பிடியும் தொடக் கூடாது.

வளைந்த பட்டையைச் சுத்தியலால் நிமிர்த்தி மாட்டுவது வேண்டாம். உறைக்குள் அது ஒரே சீராக ஓடாது, ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் விடும்.

தகடு பிடுங்கியிருந்தால் பழைய துளையிலேயே பெரிய திருகைப் போட்டு ஒப்பேற்றத் தோன்றும். துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த இடம் முடிந்தது, 24 அங்குல அளவு கெடாமல் தகட்டைப் புதிய இடத்தில் பொருத்தவோ, வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்கவோ வேண்டும், முன்சட்டம் டிரெய்லரின் முதுகெலும்பு என்பதால் அங்கே கண்ட இடத்தில் துளை போடுவதை நான் விரும்ப மாட்டேன்.

அறிகுறி: பார் குண்டில் உட்கார மறுக்கிறது

வண்டியும் டிரெய்லரும் கோணலாக நிற்கின்றன, அவ்வளவுதான். கைப்பிடியை நன்றாகத் தளர்த்தி, பட்டையைக் கையால் இழுத்து நீளத்தைச் சரிசெய்து மாட்டுங்கள். துருவால் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் தட்டினால் விடும், பிறகு துருவைச் சுத்தம் செய்யுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் வண்டியை நேராக ஒரு சில அடி முன்னே நகர்த்திக்கொண்டு மாட்டுவது எளிது.

அறிகுறி: ஓடும்போதே கைப்பிடி தளர்கிறது

போல்ட் மிகவும் தளர்வாக இருந்தால் கைப்பிடி எதையும் அழுத்தாமலே கடைசிக்கு வந்துவிடும், அதிர்வில் சுற்றிக்கொள்ளும். போல்ட்டைக் கூட்டினால் கைப்பிடிக்கும் எதிர்ப்பு கிடைக்கும். அப்படியும் தளர்ந்தால் மரை தேய்ந்திருக்கிறது. கம்பி சுற்றி, டேப் ஒட்டி வைத்து ஓட்டாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் ஆடுகிறது

ஒரு பார் எவ்வளவு டிரெய்லருக்கு என்பது கையேட்டில் இருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறினாலும், 5,000 முதல் 6,000 பவுண்டு வரை ஒன்று, அதைத் தாண்டினால் அல்லது டிரெய்லர் நீளமாக இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு என்பது வழக்கமான அளவு. இரண்டு போட்டால் இரண்டின் போல்ட்டும் ஒரே அளவு இருக்க வேண்டும், ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் வலமும் இடமும் வேறு வேறாகத் திரும்பும்.

அதற்கு முன் அச்சைப் பாருங்கள். கப்ளரின் நடுவிலிருந்து இடது சக்கரத்தின் அச்சு முனை வரையும், வலது சக்கரத்தின் அச்சு முனை வரையும் அளந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் இருந்தால், அல்லது ஒரு டயர் மட்டும் ஓரத்தில் தேய்ந்தால், அச்சு கோணலாக இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் புஷ் தேய்ந்திருக்கிறது. எந்த ஸ்வே பாரும் அதைச் சரிசெய்யாது, சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இழுக்கும் வண்டி குட்டையாகவும் லேசாகவும் இருந்து டிரெய்லர் நீளமாக இருந்தால், கோணல் எதுவும் இல்லாமலே ஆடும், அப்போது ஆட்டத்தடுப்பு உள்ளேயே அமைந்த எடைப் பகிர்வு ஹிட்சுக்குப் பணம் செலவழிப்பது இரண்டாவது பார் வாங்குவதைவிட மேல்.

கப்ளரே உள்ளே தள்ளப்பட்டுத் தானாகப் பிரேக் போடும் சர்ஜ் பிரேக் வகை டிரெய்லரா என்றும் பாருங்கள். அப்படியானால் இந்தப் பாரை மாட்டவே கூடாது, பாரின் பிடி கப்ளர் உள்ளே போவதைத் தடுத்து பிரேக்கைக் கெடுக்கும், கழற்றி எடுத்துவிட்டு அந்த பிரேக்கோடு பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் வேறு வகையைத் தேடுங்கள்.